ஒரு நோய்க்கு இரண்டு தாள்

விருதுநகரில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது எஸ்டிமேட் சீட்டு எழுதுவதில்லை. காப்பீட்டு அட்டையைக் காட்டினால் இன்ன நோய்க்கு இவ்வளவு தொகை, இத்தனை நாள் படுக்கை என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. போன மாதம் சர்க்கரை பார்க்கப் போனவனைக் கவுண்டரில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் மஞ்சள் காமாலைக்காரருக்குக்கூட நாள் குறித்துச் சொல்வேனாமே, அதை ஊழியர் மலருக்கு எழுதித் தரவேண்டும் என்றார்கள். குறித்துச் சொன்னது உண்மைதான். தப்பாகச் சொன்னதும் உண்டு. எழுதுவதானால் அதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

நான் படித்தது எட்டாவது. அதன்பிறகு வாப்பாவோடு பருப்பு மண்டியில் இருந்தேன். மூட்டைக்குள் ஊசியைக் குத்தி ஒரு கை துவரையை எடுத்துப் பார்த்து, முழு லோடும் என்ன விலைக்குப் போகும் என்று சொல்கிற வேலை. மண்டி நொடித்துப்போனதும் ஆஸ்பத்திரியில் பில் எழுத வந்தேன். வருடம் திரும்புவதற்குள் எஸ்டிமேட் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். என் பெயர் காதர் மைதீன் என்பது சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. எல்லாருக்கும் நான் எஸ்டிமேட் பாய்.

நோயாளியைச் சேர்த்ததும் அந்த வீட்டு ஆள் ஒருவர் என் எதிரே வந்து உட்காருவார். எம்புட்டு ஆகும், எத்தனை நாளாகும் என்று இரண்டே கேள்வி. பலருக்கு இரண்டாவது கேள்விதான் பெரியது. சிவகாசிப் பக்கம் ஆடியும் ஆவணியும் பட்டாசு சீசன். ஒரு ஆள் படுத்தால், அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் வேலைக்குப் போகாமல் நிற்கவேண்டும். "ஊருக்குத்தான் தீபாவளி ஐப்பசியில, எங்களுக்கு ஆவணியோட முடிஞ்சிரும் பாய்" என்று ஒருவர் சொன்னார். அதனால் நாளைத் தெரிந்துகொள்ளாமல் எழுந்திருக்க மாட்டார்கள். விருந்தும் மருந்தும் மூணு நாளு என்ற பழமொழியை என் மேசையில் எத்தனை பேர் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று கணக்கில்லை.

குடல்வால் ஆபரேஷனுக்கும் கால் முறிவுக்கும் நாள் சொல்லிவிடலாம். காமாலைதான் பிடி கொடுக்காது. ஒரே தெருவில் ஒரே தண்ணீரைக் குடித்துப் படுத்த இரண்டு பேரில் ஒருவர் ஐந்தாம் நாள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து போவார், இன்னொருவர் மூன்றாவது வாரமும் படுத்திருப்பார். பில்லில் கட்டில் வாடகையும் குளுக்கோஸும் சின்னச் செலவு. ரத்தம் உறைவதற்கு ஏற்றுகிற பிளாஸ்மா, ஆல்புமின் பாட்டில், தீவிர சிகிச்சைப் பிரிவு, இவைதான் வீட்டை விற்க வைக்கிற செலவு. அவை தேவைப்படுமா படாதா என்பதை முதல் நாளே எப்படிச் சொல்வது?

ஆரம்பத்தில் நான் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். கண் எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு நாள் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். (காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பொய். நான் கேட்ட ஒரு காமாலைக்காரரும் அப்படிச் சொன்னதில்லை. "கண்ணாடியப் பாத்தாத்தான் பாய் எனக்கே தெரியுது" என்பார்கள்.) காரியாபட்டியிலிருந்து ஓர் ஆட்டு வியாபாரி வந்தார். கண் இரண்டும் அரைத்த மஞ்சள். நான் இருபது நாள் என்று எழுதி, அதற்கேற்ற தொகையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அவர் மகன்கள் அவரைத் திரும்பக் கொண்டுபோக ஆட்டோ பேசிவிட்டார்கள். அம்புட்டுப் பணம் இல்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

பெரிய டாக்டர் வந்து என் பக்கத்தில் நின்றார். ஆஸ்பத்திரிக்கு முதலாளியும் அவர்தான். அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் அவர் குரல் தணிந்துகொண்டே போகும். காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுகிறார் என்றால் நாம் பெரிதாக ஏதோ செய்துவிட்டோம் என்று அர்த்தம். அன்று காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"மண்டியில மூட்டையைக் குத்திப் பாக்காமலா விலை சொன்னீங்க பாய்?"

டாக்டர் சொல்லி மகன்கள் அவரை அங்கேயே வைத்தார்கள். வியாபாரி ஆறாம் நாளே குணமாகி வீட்டுக்குப் போனார். அதற்கு மறுநாளிலிருந்து காலையில் டாக்டர் வார்டைச் சுற்றும்போது நானும் பின்னால் போகவேண்டும் என்று உத்தரவு.

அவர் காமாலைக்காரரின் கண்ணைப் பார்த்தது குறைவு. முதலில் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்கிற போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கையை விரிக்கச் சொல்வார். நல்ல நிலையில் இருப்பவர் கை அப்படியே நிற்கும். ஈரலில் கழியாத நஞ்சு மூளைக்கு ஏறத் தொடங்கியவர் கை, கோழி சிறகடிக்கிற மாதிரி விழுந்து விழுந்து எழும். அதைப் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பார். கேள்வி அவரவர் தொழிலிலிருந்து வரும். தீப்பெட்டி வேலைக்காரரிடம் ஒரு பண்டலுக்கு எத்தனை பெட்டி என்பார், அச்சக வேலைக்காரரிடம் ஒரு ரீமுக்கு எத்தனை தாள் என்பார். பதில் தெரிந்துகொள்ள அல்ல. பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறாரா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்.

கடைசியாக ரத்தம். லேபில் மெஷின் இருந்தது, அது ஒரு எண் கொடுக்கும். ஆனாலும் அவர் சுத்தமான கண்ணாடிக் குழாய் ஒன்றில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, உடம்புச் சூடு இருக்கவேண்டும் என்று உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொள்வார். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு ஒருதரம் குழாயைச் சாய்ப்பார். பத்து நிமிடத்துக்குள் ரத்தம் கெட்டியாகிச் சாயாமல் நிற்கவேண்டும். ரத்தத்தை உறையவைக்கிற சரக்கைச் செய்வது ஈரல். அது நின்றுபோனால் ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

"மஞ்சள் ஊரைப் பயமுறுத்தும் பாய். என்னைப் பயமுறுத்துறது இந்தக் குழாய்தான்" என்று ஒருதரம் சொன்னார்.

நான் மண்டியிலிருந்து கொண்டுவந்த நீளமான கணக்கு நோட்டு ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஒவ்வொரு காமாலைக்காரரையும் எழுதத் தொடங்கினேன். நடந்து வந்தாரா, தூக்கி வந்தார்களா, கை எப்படி நின்றது, குழாய் எத்தனை நிமிடம், சிறுநீர் எப்படி, வருவதற்கு முன் எத்தனை நாள் உப்பில்லாப் பத்தியம், நாட்டு வைத்தியமாக மணிக்கட்டில் சூடு போட்டிருக்கிறார்களா, குடிப்பழக்கம் உண்டா. எதிரே, கடைசியில் எத்தனை நாள் இருந்தார், என்ன செலவு. கீழாநெல்லி குடித்ததை டாக்டர் குறை சொன்னதில்லை. அதைக் குடித்துக்கொண்டு பத்து நாள் பட்டினி கிடந்துவிட்டு வருவதைத்தான் சொன்னார். என் நோட்டும் அதையேதான் சொன்னது.

மூன்றாவது வருடத்தில், நான் சொன்ன நாளுக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னேதான் பெரும்பாலோர் வீட்டுக்குப் போனார்கள். டாக்டர் சொல்றது மருந்து, பாய் சொல்றது நாளு என்று ஊருக்குள் ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர் யார் என்றுகூட என்னைக் கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம், ஆடி மாதக் கடைசியில் செல்வராணி வந்தாள். வயது இருபத்திரண்டு. தலைச்சன் கர்ப்பம், எட்டு மாதம். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சரவெடி பின்னுகிற வேலை. வாழ்க்கைப்பட்டது எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கோடை மழைக்குப் பிறகு அந்த ஊர்க் குடிதண்ணீரில் சாக்கடை கலந்து, வீட்டுக்கு ஓர் ஆள் காமாலையில் படுத்திருந்த நேரம். ஆனால் அவள் அங்கிருந்து வரவில்லை. ஆனி மாதம் வளைகாப்பு முடிந்து, திருத்தங்கலில் தாய் வீட்டில் ஐந்து வாரமாக இருந்துவிட்டு வந்தாள். அவளாகவே நடந்து வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். நர்ஸ் அதை மேலே தள்ளிவிட்டுத்தான் ஊசி குத்தவேண்டியிருந்தது.

டாக்டர் கையை நீட்டச் சொன்னார். நின்றது. ஒரு சரத்துக்கு எத்தனை வெடி என்று கேட்டார்.

"இருவத்தெட்டும் உண்டு, அம்பத்தாறும் உண்டு. உங்களுக்கு எது வேணும் டாக்டர்?" என்றாள். வார்டே சிரித்தது. டாக்டர் சிரித்தாலும் குழாயைச் சாய்ப்பதை நிறுத்தவில்லை. பன்னிரண்டு நிமிடம் ஆனது.

வெளியே வந்து இரண்டு வீட்டாரையும் நிறுத்தி, கர்ப்பிணிக்கு வருகிற காமாலை மற்றவர்களுக்கு வருகிற மாதிரி அல்ல, எந்த நேரமும் வலி கண்டுவிடலாம், அப்போது ரத்தம் நிற்காது, அதனால் மதுரை ரத்த வங்கியிலிருந்து பிளாஸ்மா இன்றைக்கே வாங்கி வைத்துவிட வேண்டும் என்று சொன்னார். பிறகு அவர்களை என்னிடம் அனுப்பினார்.

மூன்று பேர் வந்தார்கள். செல்வராணியின் அம்மா பேச்சியம்மாள், புருஷன் இல்லாமல் தீப்பெட்டி ஆபீஸ் வேலையில் மகளை வளர்த்தவர். மாமனார் குருசாமி, ஒரு காலத்தில் காட்டு வேலை, இப்போது பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். புருஷன் மாரிச்சாமி அதே கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற பிரிவு. அவன் உட்காரவில்லை. பெரியவர்கள் பேசும்போது அவன் பேசுகிற வழக்கமும் இல்லை.

நான் தொகையைச் சொன்னேன். உடனே பேச்சியம்மாள், "தலைப்பிரசவம் எங்க வீட்டுச் செலவு பாய். அதுல ஒரு பைசா நான் பின்வாங்க மாட்டேன். சீட்டுப் பணம் எடுத்து மடியிலேயே வச்சிருக்கேன். ஆனா காமாலை உங்கூருத் தண்ணியில வந்தது அண்ணே, அத நீங்கதான் பாக்கணும்" என்றார்.

"எங்க வீட்டு வாசலத் தாண்டும்போது பிள்ள கண்ணு பாலு மாதிரி இருந்துச்சு தங்கச்சி. அஞ்சு வாரமா உங்க வீட்டுலதான இருக்கு. உங்கூருல குடிக்கிறது என்ன, பன்னீரா?"

"பன்னீரு இல்ல. அதுக்குன்னு சாக்கடையும் இல்ல."

வெளியூர்க்காரர்களுக்கு இது வறட்டுச் சண்டையாகத் தெரியும். எங்கள் பக்கம் அது அப்படியல்ல. தலைப்பிரசவத்தைப் பெண் வீட்டார் பார்த்தாகவேண்டும், அதில் குறைந்தால் மகள் போய் வாழ்கிற வீட்டில் அந்தப் பேச்சு அவள் ஆயுளுக்கும் நிற்கும். மருமகளின் நோயைப் புருஷன் வீட்டார் பார்த்தாகவேண்டும், அதைப் பெண் வீட்டார் தலையில் கட்டினால் ஊர் சிரிக்கும். இரண்டு பேருமே தங்கள் பங்கைத் தர மறுக்கவில்லை. எது யார் பங்கு என்பதில்தான் சண்டை. நோய் எந்த வீட்டில் தொற்றியது என்று டாக்டரைக் கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கேட்டேன். தண்ணீர் உள்ளே போய்க் கண்ணில் தெரிய ஐந்தாறு வாரம் ஆகும் என்றார். பின்னோக்கி எண்ணினால் சரியாக வளைகாப்பு அன்றைக்குப் போய் நிற்கிறது. வளைகாப்பு நடந்தது குருசாமி வீட்டில், அவர்கள் தண்ணீர். ஏழு வகைச் சோறு திருத்தங்கலில் பொங்கி வேனில் வந்தது, பேச்சியம்மாள் வீட்டுத் தண்ணீர்.

"கிருமி சோத்துச் சட்டியில வந்துச்சா, சொம்புல வந்துச்சான்னு எனக்குத் தெரியாது பாய். பிளாஸ்மாவுக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

நான் என் மேசைக்குத் திரும்பினேன். மண்டியில் ஒரு லோடை இரண்டு வியாபாரிகள் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கொரு சீட்டுப் போடுவோம், சண்டை வராது. அந்தப் புத்தி வந்தது. இரண்டு தாள் எடுத்தேன். ஒன்றில் பிரசவம், மூன்று நாள், தொகை. இன்னொன்றில் காமாலை, எட்டு நாள், தொகை. பிளாஸ்மா ரத்தம் உறைவதற்கானது, உறையாமல் போனது காமாலையால், ஆகவே அது இரண்டாவது தாளில். ஆளுக்கொன்று கொடுத்தேன். சண்டை அந்த நிமிடமே நின்றது. பேச்சியம்மாள் கும்பிட்டார். குருசாமி தாளை நான்காக மடித்து வைத்துக்கொண்டு, "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்வாக. அளந்துட்டீக பாய்" என்றார்.

அந்த எட்டு நாளை நான் என் நோட்டைப் பார்த்து எழுதினேன். நடந்து வந்தாள், கை நின்றது, குழாய் பன்னிரண்டு, எட்டு நாள். அந்த நோட்டில் அதுவரை ஒரு கர்ப்பிணிகூட இல்லை என்பதை நான் பார்க்கவில்லை.

குருசாமி கையில் பணம் இல்லை. சீசன் அட்வான்ஸ் வாங்கிவரக் கம்பெனிக்குப் போனார். அன்று மாலை முதலாளி ஊரில் இல்லை. மறுநாளும் வரவில்லை. இவரும் திரும்பி வராமல் அங்கேயே நின்றார். நான் இரண்டாம் நாள் ஒருதரம் பிளாஸ்மா வந்துவிட்டதா என்று கேட்டேன், இவர் அப்பா வாங்கிக்கொண்டு வருவார் என்று மாரிச்சாமியைக் காட்டி நர்ஸ் சொன்னார். நல்லது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் கையை நீட்டச் சொன்னார். செல்வராணி நீட்டினாள். கை விழுந்ததை என் கண் பார்ப்பதற்கு முன்னால் வளையல் சத்தம் கேட்டது. விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. சரத்துக்கு எத்தனை வெடி என்று கேட்டார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பதில் இல்லை. இருபது நிமிடம் கழித்தும் குழாயில் ரத்தம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு வலி கண்டுவிட்டது.

டாக்டர் என் மேசைக்கு வந்தார். காதுக்குப் பக்கத்தில்தான் பேசினார்.

"பிளாஸ்மா எங்க பாய்?"

செல்வராணியின் மாமனார் கொண்டுவருகிறார் என்றேன். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் இருந்த காவலாளிக்குப் போன் போட்டால், சொல்லிவிடுகிறேன் என்று வைத்துவிட்டார். பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன். மடியில் பணம் இருக்கிறதே, அதில் முதலில் பிளாஸ்மா வாங்கிவிடலாம் என்றேன். அவர் என் தாளை எடுத்து என்னிடமே காட்டினார்.

"இதுல அது இல்லையே பாய். இத அதுக்குக் குடுத்துட்டா, பிள்ள பெறந்த ஒடனே பிரசவப் பணத்தக் கட்டுன்னு கேப்பீக. நான் எங்கன போவேன்? ஆத்தா வீட்டுல தலைப்பிரசவத்துக்குக்கூடக் கட்டலன்னு எம்மகள சொல்லவா?"

அவரைக் குறை சொல்ல எனக்கு இடமில்லை. நான் எழுதிக் கொடுத்ததை அவர் எழுத்துப் பிசகாமல் நம்பினார். கவுண்டர் பெட்டியில் பணம் இருந்தது. கேட்டிருந்தால் டாக்டர் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தாளை எழுதினவனுக்குத் தாளுக்கு வெளியே புத்தி போகவில்லை. இந்த வரியை எழுதத்தான் இத்தனை நாள் யோசித்தேன்.

டாக்டர் அந்தத் தாளையும், குருசாமியிடம் கொடுத்த தாளுக்கு நான் வைத்திருந்த நகலையும் வாங்கிப் பார்த்தார். அவற்றை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "கொஞ்ச நேரத்துல ரத்தம் கொட்டப்போகுது. அது பிரசவ ரத்தமா, காமாலை ரத்தமான்னு எப்படிப் பிரிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பிரசவ அறைக்குப் போய்விட்டார்.

பதினொரு மணி வாக்கில் மாரிச்சாமி வந்தான். குழந்தைக்குத் துணியும் மருந்துக் கடைச் சாமான்களும் வாங்கப் போயிருந்தவன். நடந்ததை மாமியார் சொல்ல, நின்றபடி கேட்டான். மேசையில் கிடந்த இரண்டு தாளையும் எடுத்தான். என் கோந்துப் பாட்டிலைத் திறந்தான். ஒரு தாளின் ஓரத்தில் ஒரே இழுப்பாகக் கோந்தைத் தடவி, மற்றதை அதன்மேல் வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவினான். நாள் முழுக்க அதையே செய்கிற கை. ஒரு சுருக்கம் விழவில்லை.

"எங்க கம்பெனியில ஒட்டுன லேபிளப் பிரிச்சா பெட்டியே வீணாப் போயிரும் பாய். இதப் பிரிக்காதீக" என்றான். பிறகு மாமியார் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். "அத்தை, பணத்தக் குடுங்க. யாரு என்ன சொன்னாலும் நான் சொல்லிக்கிடுதேன்."

பேச்சியம்மாள் கொடுத்துவிட்டார். டாக்டரின் காரிலேயே மாரிச்சாமி மதுரைக்குப் போனான்.

பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடிந்த சற்று நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண். கார் திரும்பி வந்தபோது மூன்று மணி. இடையில் இருந்த நேரத்துக்கு, வகை பொருந்திய ஊழியர்கள் இரண்டு பேர் ரத்தம் கொடுத்தார்கள். பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த துணிகளைப் பார்த்தால் அது எந்த மூலைக்கு என்று தோன்றியது. பிளாஸ்மா ஏறத் தொடங்கிய பிறகுதான் ரத்தப்போக்கு மட்டுப்பட்டது. குழந்தை எடை குறைவு, அழவில்லை. நர்ஸ் ஒருவர் அதைத் தன் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தார். ஐந்து மணி நேரம்தான் குழந்தை உயிரோடு இருந்தது.

அந்திக்கு மேல் குருசாமி துண்டில் பணத்தை முடிந்துகொண்டு வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பேச்சியம்மாள் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். குருசாமி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கவுண்டருக்கு வந்து முடிச்சை அவிழ்த்து எல்லாவற்றையும் வைத்தார். எந்தக் கணக்கில் வரவு வைக்க என்று நான் வழக்கப்படி கேட்டுவிட்டேன்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன பாய்" என்றார்.

செல்வராணி ஆறு நாள் கண் திறக்கவில்லை. குடலில் நஞ்சு சேராமல் கழியவைக்கிற மருந்து, சர்க்கரைத் தண்ணீர், மேலும் பிளாஸ்மா, மணிக்கு ஒருதரம் கூப்பிட்டுப் பார்ப்பது, இதுதான் வைத்தியம். ஈரல் தானாக எழுந்தால் உண்டு. என் எட்டு நாள் கடந்துபோனது. இன்னும் எத்தனை நாள் பாய் என்று பேச்சியம்மாள் தினமும் கேட்பார். தெரியவில்லை என்பேன். அந்த வார்த்தையை அந்த மேசையில் நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை. நாள் செய்வது நல்லார் செய்யார் என்று அவரே சொல்லிவிட்டுப் போய் உட்காருவார். ஒரே தூக்குச் சட்டியில் இரண்டு வீட்டுக்கும் சோறு வந்தது. ஒருநாள் குருசாமி வாங்கி வந்தார், ஒருநாள் பேச்சியம்மாள்.

பதினோராம் நாள் காலை டாக்டர் வழக்கம்போலச் சரத்துக்கு எத்தனை வெடி என்று கேட்டார். அவள் வெகுநேரம் அவரையே பார்த்தாள். பிறகு, "எந்தச் சரத்துக்கு?" என்றாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மறுநாள் இரண்டு சம்பந்திகளும் இளநீர் வாங்கியது சரியா தப்பா என்று வராந்தாவில் சண்டை போட்டார்கள். அதைக் கேட்டு, "பிழைச்சிட்டா" என்று நர்ஸ்கள் சொன்னார்கள்.

அந்த வாரம் ஒருநாள் டாக்டர் தனியாக இருக்கும்போது கேட்டேன். அன்று காலை அந்த இரண்டு மணி நேரம் வீணாகாமல் இருந்திருந்தால்?

"குழந்தைக்குச் சொல்லமுடியாது. தாய்க்கு இவ்வளவு ரத்தம் போயிருக்காது, இவ்வளவு நாள் படுத்திருக்கவும் மாட்டா." பிறகு, "நாள் சொன்னது தப்பில்ல பாய். நாளைப் பங்கு வச்சதுதான் தப்பு" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் எப்போதும் பேசியதில்லை. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒரு ஆளுக்கு ஒரே தாள்தான் எழுதினேன். இன்றைக்கே வாங்கவேண்டியது என்ன என்பதை முதல் வரியில் எழுதினேன். நாளை எழுதும்போது குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று இரண்டு எண் போட்டேன். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. நோட்டில் கர்ப்பிணிகளுக்குத் தனிப் பக்கம் விட்டேன்.

செல்வராணி இருபத்துமூன்றாம் நாள் வீட்டுக்குப் போனாள். டாக்டர் தன் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார். மீதியை இரண்டு வீட்டாரும் சேர்ந்தே கட்டினார்கள், யார் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. பில்லை ஒரே தாளில் எழுதி வைத்திருந்தேன். யார் பெயருக்கு என்றதும் குருசாமியும் பேச்சியம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பெயருக்கே போடச் சொன்னார்கள்.

அவள் அதைக் கையில் வாங்கி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். பத்தாவது வரை படித்தவள். மேலிருந்து கீழே வரி வரியாக வந்தாள். கட்டில், மருந்து, ரத்தம், பிளாஸ்மா, பிரசவ அறை. கீழே வந்ததும் மறுபடி மேலே போனாள்.

"பாய், இதுல பாப்பாவ எங்கன எழுதியிருக்கீக?"

எழுதவில்லை. குழந்தைக்கென்று மருந்து இல்லை, கட்டில் இல்லை, நர்ஸ் கையிலேயே இருந்தது. செலவில்லாததால் வரி இல்லை. அதைத்தான் சொன்னேன். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று தெரிந்தது.

"அம்புட்டுப் பேரும் எது யாரு செலவுன்னு பேசுனீகளாம்ல. அவ யாரு கணக்குலயும் இல்லையா? ஒரு ரூபாயாவது போட்டு எழுதுங்க பாய். வந்துட்டுப் போனதுக்கு ஒரு எழுத்து வேணாமா?"

நான் பில்லை வாங்கிப் பிரசவ அறை என்ற வரிக்குக் கீழே இடம் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரி விதிப்படி ஒரு மணி நேரம் இருந்தாலும் அது ஒரு நாள்தான். பெண் குழந்தை, தங்கியது ஒரு நாள், ஒரு ரூபாய் என்று எழுதி, கூட்டுத் தொகையை அடித்துத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவள் வாசித்துப் பார்த்தாள்.

"சரியா இருக்கு பாய்" என்றாள்.